கையை எடுக்காதே

அன்று காலை தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கவில்லை.

குறைந்திருக்க வேண்டும். விளக்குச் சூட்டிலும் மின்விசிறிக் காற்றிலும் தினமும் கொஞ்சம் ஆவியாகிப் போகும், கடல்தண்ணீரின் உப்பு மட்டும் உள்ளேயே தங்கிவிடும். அதனால் காலையில் எழுந்ததும் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கறுப்பு நாடா வரைக்கும் நல்ல தண்ணீர் விட்டு நிரப்ப வேண்டும் என்பது விஸ்வநாத் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன முதல் பாடம். மாதுரி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தொட்டியின் முன்னால் நின்றாள். தண்ணீர் நாடாவுக்கு மேலே இரண்டு விரல் ஏறியிருந்தது.

வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். பம்ப் தள்ளும் அலையில் பவளங்கள் வழக்கம்போல ஆடிக்கொண்டிருந்தன. பச்சை விரல்கள், ஊதா விசிறிகள், சிறிய பித்தளைப் பொத்தான்களைப் போன்ற வாய்கள். தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள்ளிருந்து வடிகட்டியின் உறுமல் வந்தது. அதன் நுரைக் கிண்ணத்தில் சேர்ந்திருந்த அழுக்கின் அழுகல் வாடையும், பக்கத்துச் சரக்குக் கிட்டங்கியிலிருந்து சுவர் தாண்டி வரும் சுக்கு மணமும், மழைக்கால மட்டாஞ்சேரியின் பாசி நெடியும் கூடத்தில் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. எல்லாம் நேற்று இருந்தது போலத்தான் இருந்தன. தண்ணீரின் மட்டம் மட்டும் மாறியிருந்தது.

சிங்கப்பூருக்கு ஃபோனில் கூப்பிட்டாள். விஸ்வநாத் அங்கே ஒரு கப்பல் பட்டறையில் இன்ஜினீயர். சித்திரையில் போனவன், ஓணத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தான்.

“ஏறியிருக்கா?” என்றான். அவன் குரலில் கவலை இல்லை. “எத்தனை ஏறியிருக்கு?”

“ரெண்டு விரல். பொங்கி வெளியே வந்துடுமோன்னு பயமா இருக்குன்னா.”

மூச்சு மட்டும் கேட்டது. சந்தோஷத்தை அடக்கிக்கொள்கிறவனின் மூச்சு.

“கொழப்பமில்லை. ஒரு வாளி எடுத்துக் கொட்டிடு. அதுக்கு இன்னிக்கு ரெண்டு தடவை ஆகாரம் குடு, கேட்டயா?”

அது என்று அவன் சொன்னது நடுவில் இருந்த பாறையை. சிங்கப்பூர் போவதற்குச் சில வாரம் முன்னால், ஒரு மழை நாளில், ஈரச் சாக்கில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். கடலிலிருந்து பவளம் எடுப்பது குற்றம், வெளியே தெரிந்தால் ஜெயில்தான், ஆத்துக்குள் யாரையும் விடாதே என்று சொன்னான். பாறை முழுவதும் தோல் உரித்த சதையைப் போல ஒரு இளஞ்சிவப்புப் போர்வை. பகலில் உப்பும், இருட்டினால் சுருங்கும். அதற்கு அவன் பெயர் சொன்னதில்லை.

பாலக்காட்டு நூரணி அக்ரஹாரத்தில், வெங்காயம்கூட வாரத்தில் பாதி நாள் வாங்காத வீட்டில் பிறந்தவள் மாதுரி. கல்யாணமாகி வந்த புதிதில் சந்தையில் மீன் தட்டுகளைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். அவள்தான் இப்போது ஐஸ்பெட்டியிலிருந்து, இங்கே செம்மீன் என்கிற இறால் துண்டை எடுத்து, நகத்தால் கிள்ளி, தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டாள். இடுக்கியை உபயோகிக்கக் கூடாது, கையுறையும் கூடாது என்பது விஸ்வநாத்தின் கண்டிப்பு. முதல் நாள் அவனே பின்னால் நின்று, அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்கினான். சதைப் போர்வை விரல்களைச் சுற்றி மெல்ல மூடியது. குளிர்ந்த, பல்லில்லாத வாய். அவள் கூச்சத்தில் நெளிந்தபோது காதருகில் சொன்னான்: “கையை எடுக்காதே, மாதுரி. அது உன்னைத் தெரிஞ்சுக்கட்டும்.”

அந்தத் தொட்டியை அவன் வேறு யாரையும் தொட விட்டதில்லை. சொந்தத் தங்கை வந்தபோதுகூடத் தள்ளி நிற்கச் சொன்னவன். தன்னை மட்டும் அதற்குள் அனுமதித்திருக்கிறான் என்பதைத்தான் மாதுரி தன் கல்யாண வாழ்க்கையின் ஒரே பரிசாக நினைத்து வந்தாள். அதிகம் பேசாத மனிதன், தொட்டியைப் பற்றித்தான் பேசுவான், அதனால் அவளும் தொட்டியைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்டாள். போகும்போது கூடத்துச் சுவரில் ஒரு காமிரா வைத்துவிட்டுப் போனான். அங்கிருந்தபடியே பார்க்கலாம், பேசலாம். அவள் கை தண்ணீருக்குள் இருக்கும்போதெல்லாம் காமிராவின் சின்ன விளக்கு எரியும். அவன் பார்க்கிறான் என்று தெரியும். அவள் இன்னும் கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருப்பாள்.

அடுத்தடுத்த நாட்களில் தொட்டியிலிருந்த மீன்கள் குறைந்தன. ஆரஞ்சு நிற ஜோடி முதலில். பிறகு மஞ்சள். “பாறை இடுக்கில் ஒளிஞ்சிண்டிருக்கும்” என்றான். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. தினமும் அவள் வாளியில் எடுத்துக் கொட்டினாள். பள்ளியில் படித்தது ஞாபகம் வந்தது: தண்ணீர் ஏறுவது, உள்ளே ஏதோ பெரிதாவதால். ஆனால் பாறை அதே அளவில்தான் இருந்தது. அதன் பின்பக்கம், சுவரை ஒட்டிய இருட்டில் என்ன இருக்கிறது என்று முன்னால் நின்று பார்க்க முடியாது.

ஒரு மாலை, ஆகாரம் கொடுக்கும்போது அதைக் கவனித்தாள். சதைப் போர்வையின் விளிம்பு ஐந்து மடிப்புகளாகப் பிரிந்து நீண்டிருந்தது. ஐந்தில் கடைசி மடிப்பு மட்டும் உள்பக்கமாக வளைந்திருந்தது. சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டி ஒடிந்து, கோணலாகச் சேர்ந்த தன் சுண்டுவிரலை அவள் பார்த்தாள். பிறகு அதைப் பார்த்தாள். தண்ணீருக்குள் இரண்டும் அருகருகே இருந்தன.

கையை வெளியே இழுத்துக்கொண்டாள்.

“ஏன் எடுத்தாய்?” என்றது காமிரா.

சில நாள் கழித்து, சுள்ளிக்கல்லில் ஸ்கேன் சென்டர் வேலைக்குக் கிளம்பும்போது எதிர்வீட்டு மஞ்சுஷா கூப்பிட்டாள். மஞ்சுஷா முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறவள். தாத்தா காலத்தில் முனிசிபாலிடி வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். தெருவில் தமிழ் பேச மாதுரிக்குக் கிடைத்த ஒரே ஆள்.

“எந்தா சேச்சி, என்மேல கோவமா? நேத்து உச்சைக்கு ஜன்னல்ல நின்னுட்டிருந்தீங்க. எத்தனை தடவை கூப்பிட்டேன், திரும்பவே இல்லையே.”

“நேத்தா? மத்தியானம் நான் சுள்ளிக்கல்ல இருந்தேனே. ஸ்கேன் சென்டர்ல ஒரே கூட்டம்.”

மஞ்சுஷா ஊசியில் நூல் கோத்தபடி சிரித்தாள். “அதெப்படி? உங்க பச்சை நைட்டிதான் போட்டிருந்தீங்க. தலை குளிச்சு ஈரமா இருந்துது.”

பச்சை நைட்டி கொடியிலிருந்து காணாமல் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. காற்றில் பறந்து கிட்டங்கிப் பக்கம் விழுந்திருக்கும் என்று நினைத்திருந்தாள்.

அன்று வேலை ஓடவில்லை. ரிப்போர்ட்டுகளில் பெயர்களை மாற்றி அடித்தாள். மத்தியானம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வானம் இருண்டு மழைக்குக் காத்திருந்தது. சாவியைப் பூட்டுக்குள் விடும்போது உள்ளே விஸ்வநாத்தின் குரல் கேட்டது.

கொஞ்சும் குரல். தாழ்ந்து, இழைந்து, நடுநடுவே சிரித்துக்கொண்டு. கல்யாணமான இந்த இரண்டு வருடத்தில் அவளிடம் ஒருமுறைகூட அப்படிப் பேசியதில்லை. வார்த்தைகள் சரியாகக் கேட்கவில்லை. “இன்னொரு தடவை சொல்லு” என்பது மட்டும் கேட்டது. சாவி திரும்பிய சத்தத்தில் குரல் நின்றது. ஏதோ கனமானது தண்ணீரில் விழுந்தது.

கூடத்தில் யாரும் இல்லை. தரையில் ஈரம். தொட்டியிலிருந்து படுக்கையறை வரை, படுக்கையறையிலிருந்து தொட்டி வரை. படுக்கையில் அவள் பக்கத்துத் தலையணை நனைந்து, ஓரங்களில் உப்புப் பூத்திருந்தது.

மாதுரியின் மனது முதலில் போனது எல்லாப் பெண்களின் மனதும் போகும் இடத்துக்குத்தான். இன்னொருத்தி. அவளுக்கும் சாவி கொடுத்திருக்கிறான். நான் வேலைக்குப் போனதும் அவள் வருகிறாள், என் துணியை உடுத்துகிறாள், என் படுக்கையில் படுத்துக்கொண்டு காமிரா வழியாக இவனோடு கொஞ்சுகிறாள். குளியலறை, அலமாரி, கட்டிலடி எல்லாம் தேடினாள். கொல்லைக் கதவு உள்பக்கம் தாழிட்டபடி இருந்தது. வாசலில் அவளே நின்றிருந்தாள். வந்தவள் எப்படிப் போனாள்?

தேடாத இடம் ஒன்றுதான். அங்கே ஒரு பெண் இருக்க முடியாது.

ஃபோனில் கேட்டபோது, “நான் காலைலேருந்து மீட்டிங்கில் இருக்கேன்” என்றான். “உனக்குத் தனியா இருந்து இருந்து என்னமோ தோண்றது. வெறுதே மனசைப் போட்டு உழப்பிக்காதே. ஆகாரம் குடுத்தாயா?”

பொய். அந்தப் பொய்யை அவன் எவ்வளவு சுலபமாகச் சொன்னான் என்பதுதான் அவளைக் குத்தியது. அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, அவன் சொன்னபடியே செம்மீன் எடுத்துப் போட்டாள். கையை மட்டும் உள்ளே விடவில்லை. துண்டுகள் மிதந்து, சுழன்று, பாறைக்குப் பின்னால் போயின. திரும்பி வரவில்லை.

மறுநாள் விடாத மழை. வழக்கம்போலப் புடவை கட்டி, பையை எடுத்து, காமிராவைப் பார்த்து “போய்ட்டு வரேன்னா” என்று சொல்லிவிட்டு வாசலைப் பூட்டினாள். கிட்டங்கிச் சுவரை ஒட்டிய சந்து வழியாகச் சுற்றிக் கொல்லைக்கு வந்தாள். காலையிலேயே கொல்லைத் தாழை நீக்கி வைத்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குள் நுழைந்து, கூடத்துக் கதவின் பின்னால் நின்றாள். நனைந்த புடவை காலில் ஒட்டியது. கரண்ட் போயிருந்தது. தொட்டியும் காமிராவும் இன்வெர்டரில் ஓடின, வெளிச்சம் தொட்டியின் நீல விளக்கு மட்டும். கதவிடுக்கில் அந்த நீலம் ஒரு கோடாக அவள் கை மேல் விழுந்திருந்தது. சத்தம் கேட்க வீட்டில் யாருமில்லை, ஆனாலும் மூச்சை அடக்கிக்கொண்டாள். மழை ஓட்டின் மேல் கொட்டியது. வடிகட்டி உறுமியது. இப்போது வாசல் திறக்கும், ஒருத்தி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வருவாள், அவள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். அழகானவளாக இருந்தாலும் பரவாயில்லை. பார்த்துவிட வேண்டும்.

வாசல் திறக்கவில்லை.

காமிரா பேசியது.

“மாது.”

பார்த்துவிட்டானா? மாது என்று அவன் அவளைக் கூப்பிட்டதே இல்லை. அம்மா மட்டும் கூப்பிடும் பெயர் அது.

“மாது, போயாச்சா அவ?”

தொட்டியில் தண்ணீர் அசைந்தது. அலையின் சத்தம் மாறியது. பம்ப் காற்றை இழுத்துக் கரகரத்தது, பாத்திரத்தின் அடியை உறிஞ்சுவதைப் போல. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. வழியவில்லை. சிந்தவில்லை. உள்ளே இருந்தது வெளியே வருவதால் இறங்கியது.

இடுக்கில் கண்ணை வைத்தாள்.

கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கை. பிறகு முதுகு. நீல வெளிச்சத்தில் அதன் தோல் முழுக்கச் சின்னச் சின்ன வாய்கள் காற்றைப் பார்த்துப் படபடவென்று மூடிக்கொண்டன. தலையிலிருந்து தொங்கியது முடி போலத்தான் இருந்தது. காற்று இல்லாமலே அசைந்தது. அது மெதுவாகத் தரையில் இறங்கி, தொட்டிக்குப் பின்னால் செருகியிருந்த பச்சை நைட்டியை எடுத்துத் தலைவழியாகப் போட்டுக்கொண்டது. பழகிய கை.

“சமத்து” என்றான் விஸ்வநாத். “சொல்லு. நேத்திக்குச் சொல்லிக் குடுத்தேனே.”

ஈரத் துணியைப் பிழிவது போல ஒரு சத்தம். மறுபடி. மூன்றாவது முறை அதில் ஒரு எழுத்து இருந்தது.

“ன்னா.”

அவன் சிரித்தான். சந்தோஷத்தில் குரல் உடைந்தது. “நீ சொன்னா கேக்கறாய். அவளை மாதிரி ஏன், எதுக்குன்னு கேக்கமாட்டாய். இன்னிக்கு அவ வந்ததும் கதவைச் சாத்திடு. பின்னாலேருந்து போ. தொட்டி காலியா இருக்கப்படாது, மாது. ஒருத்தர் உள்ளே இருந்துதான் ஆகணும். அவளுக்குப் பாறை நன்னாப் பழகியிருக்கு. இத்தனை நாள் கையை மட்டும் எடுத்துண்டது, இனிமே ஆளையே முழுசா எடுத்துண்டுடும், அவ்வளவுதான்.”

மாதுரி சுவரில் சாய்ந்தாள். இத்தனை நாள். ஒவ்வொரு நாளும். கையை எடுக்காதே. அவன் அவளைத் தொட்டிக்குக் காட்டியிருக்கிறான். அளவெடுக்க விட்டிருக்கிறான். செம்மீன் வாடை போகாத விரல்களோடு அவள் தன் பாட்டுக்கு அதை அன்பு என்று வைத்துக்கொண்டாள்.

முழங்கை பட்டு ஒரு டம்ளர் உருண்டது.

கூடத்தில் எல்லாம் நின்றது. மழைகூட நின்றதுபோல.

“மாதுரி?” என்றான் விஸ்வநாத்.

கொல்லைப் பக்கம் ஓரடி வைத்தாள்.

“மாதுரி, அங்கேதான் இருக்காயா? பயப்படாதே. அங்கேயே நில்லு. ஒண்ணும் ஆகாது. கண்ணை மூடிக்கோ.” அதே குரல். பின்னால் நின்று மணிக்கட்டைப் பிடித்த குரல். அதைக் கேட்டதும் ஒரு நொடி, ஒரே நொடி, அவள் கால்கள் அவனுக்குக் கீழ்ப்படிந்து நின்றன.

ஈரப் பாதங்கள் சமையலறையை நோக்கி வந்தன.

ஓடினாள். கொல்லை. சந்து. முழங்கால் வரை தண்ணீர். கிட்டங்கிச் சுவரில் தோள் உரசியது. செருப்பில்லை. தெரு. எதிரே மஞ்சுஷாவின் வாசல். தன் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். பார்க்காமல் ஓடினாள். மஞ்சுஷா கதவைத் திறந்து, குடையோடு படியில் இறங்கி, அவளைத் தாங்கிக்கொண்டாள்.

“சேச்சி! என்ன ஆச்சு? இப்படி நனைஞ்சு...” என்றவள், மாதுரியின் தோளுக்கு மேலே பார்த்து நிறுத்தினாள். குடை அவள் கையில் சாய்ந்தது. “அப்ப... உள்ள இருக்கறது யாரு?”

மாதுரி திரும்பினாள். வெளியே அவள் போட்ட பூட்டு வாசலில் தொங்கியது. அதற்கு உள்ளே, மரத்தில் இரும்பு உரசும் சத்தம் நிதானமாகக் கேட்டது. யாரோ தாழ்ப்பாளைப் போட்டார்கள். பிறகு கொல்லைக் கதவும் அறைந்து சாத்திய சத்தம் கேட்டது.

மழையைத் தாண்டி, திறந்த ஜன்னல் வழியாக விஸ்வநாத்தின் குரல் வந்தது.

“அவ திரும்பி வருவா, மாது. வேற எங்கே போவா? அது வரைக்கும் யார் தட்டினாலும் திறக்காதே.”

“சரின்னா” என்று பதில் வந்தது. பிசிறில்லாமல், தெளிவாக, மாதுரியின் குரலில்.

மஞ்சுஷா அவள் கையை விட்டாள்.

நீல வெளிச்சத்தில் அது ஜன்னலுக்கு வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவின் சத்தம் வந்த பக்கம் தலையைச் சாய்த்தது. நெற்றி இருந்தது, மூக்கு இருந்தது, புன்னகைக்கப் பழகிக்கொண்டிருந்த வாய் இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மூடிய மடிப்புகள். அவை நடுங்கின. ஓரங்களில் மெல்லிய இழைகள் ஒவ்வொன்றாக வெளியே நீண்டு மழைக்காற்றைத் தடவிப் பார்த்தன. பிறகு இரண்டும், மிகவும் மெதுவாக, அவளை நோக்கி மலரத் தொடங்கின.